முப்பத்தோரு பேருக்கு ஒரு ஐடி

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அம்மா ஏஞ்சல் கழனியிலிருந்து போன் செய்து, "சுகி, உன் ஆப்பு ஒருத்திக்கும் தொறக்கல" என்று சொன்னபோது, சுகிர்தா தோசைக்கல்லிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

"தொறக்கலன்னா இன்னா ஆவுதுமா? வெளக்கமா சொல்லு."

"வெளக்கம் இன்னாடி வெளக்கம். ஜிமெயில் வழியா உள்ள வாங்கன்னு ஒரு பட்டன் வெச்சிக்கீறியே, அத்த அமுக்குனா சக்கரம் சுத்துது. சுத்திட்டு மறுபடி அதே எடத்துல வந்து நிக்குது. கோவிந்தம்மா ஏழு வாட்டி அமுக்கிட்டா."

"எட்டாவது வாட்டி அமுக்க வோணாம்னு சொல்லு. பத்து மணிக்குள்ள சரி பண்ணிடறேன்."

சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பிப் போட்டாள். அவள் சுபாவம் அப்படி. சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. வாரத்தில் இரண்டு நாள் போய் வருவாள், மற்ற நாள் சாலவாக்கத்தை ஒட்டிய காலனியில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடியே வேலை பார்ப்பாள். அடுத்தவர்கள் எழுதிய ஆப்பில் ஜனங்கள் ஏன் உள்ளே நுழைய முடியாமல் வாசலிலேயே நிற்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். நான்கு வருஷமாக அதையே செய்கிறவளுக்குச் சொந்த ஆப்பு மக்கர் செய்தால் கோபம் வருமே தவிர பயம் வராது.

ஆனால் பயப்பட வேண்டிய விஷயம்தான் அது. ஏஞ்சலின் நடவு செட்டில் நாற்பத்திரண்டு பெண்கள். வேதாசலத்தின் ஏரிக்கீழ்க் கழனியில் நவரைப் பட்டத்து நடவு திங்கட்கிழமை ஆரம்பம். போன வருஷம் இடையில் ஒரு மேஸ்திரி புகுந்து, நாற்பது ஆள் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பாதி ஆளைக்கூடக் கொண்டுவந்து நிறுத்தவில்லை. நாற்று முற்றிப் போய் அவருக்கு நல்ல நஷ்டம். அதனால் இந்த வருஷம் வாலாஜாபாத்தில் டேரா போட்டிருந்த வடக்கத்தி செட்டுக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தார். அவர் யாருக்குச் சொல்கிறாரோ அவர்களுக்குத்தான் சுற்றுவட்டாரத்தில் மற்ற கழனிக்காரர்களும் சொல்வார்கள். இந்த ஒன்று போனால் செட்டுக்குப் பட்டம் முழுக்க வேலை கிடையாது.

அப்போது சுகிர்தா நேராக அவர் வீட்டுக் கேட்டருகே போய் நின்றாள். "ஐயா, மேஸ்திரி சொல்றதையும் நம்பாதீங்க, எங்கம்மா சொல்றதையும் நம்பாதீங்க. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க போன்ல, அவங்கவங்க கையால வரேன்னு சொல்லுவாங்க. உங்க போன்ல பேர் பேரா தெரியும்" என்றாள். அதற்காகவே 'நடவு' என்று ஓர் ஆப்பு எழுதிக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள். வேதாசலம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சனிக்கிழம சாயங்காலம் ஆறு மணி. நாப்பத்தி ரெண்டு பேரு என் போன்ல தெரியணும். ஒண்ணு கொறஞ்சாலும் வடக்கத்தி ஆளுக்குப் போன் போட்டுடுவேன், அப்புறம் வந்து அழாத" என்றார். என்னைப் பார்த்தால் அழுகிற ஆளாகவா தெரிகிறது என்று சுகிர்தா மனசுக்குள் கேட்டுக்கொண்டு வந்தாள்.

தோசையைத் தின்றுவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். வாட்ஸ்அப்பில் ஃபைலாக அனுப்பிச் சோதித்தபோது அவள் போனிலும் அம்மா போனிலும் வெண்ணெயாக ஓடிய ஆப்பு அது. முந்தாநாள் பிளே ஸ்டோரில் ஏறியது. அங்கிருந்து இறக்கினவர்களுக்கு மட்டும் தகராறு என்றால், ஆப்பில் ஒன்றும் மாறவில்லை, வந்த வழிதான் மாறியிருக்கிறது. அது தெரிந்த மாத்திரத்தில் நெற்றியில் ஓர் அடி போட்டுக்கொண்டாள்.

இந்தத் தொழிலில் ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு கைரேகை உண்டு. எண்ணும் எழுத்துமாக ஒரு நீளமான கோடு. ஜிமெயில் வழியாக உள்ளே விடுகிற வாசலில் அந்தக் கைரேகையை முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும். வந்து நிற்கிற ஆப்பின் கைரேகை அதோடு ஒத்துப்போனால்தான் கதவு திறக்கும். சுகிர்தா பதிந்திருந்தது அவளுடைய லேப்டாப்பில் கட்டிய ஆப்பின் கைரேகை. ஸ்டோரில் ஏற்றினாலோ, அவர்கள் தங்கள் கைரேகையை வைத்து மறுபடி கட்டித்தான் ஜனங்களுக்குக் கொடுப்பார்கள். அந்த இரண்டாவது கைரேகையை அவள் பதியவே இல்லை. கம்பெனியில் எத்தனை பேருக்கு இதே தப்பைச் சுட்டிக்காட்டி, "இதுகூடவா பாக்க மாட்டீங்க?" என்று எகத்தாளம் பேசியிருக்கிறாள்! நல்லவேளை, அவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை.

ஸ்டோரின் பக்கத்திலிருந்து அந்தக் கோட்டை எடுத்தாள், வாசலில் பதிந்தாள், கால் மணி நேரம் பொறுத்தாள். தன் போனில் இருந்த ஆப்பை அழித்துவிட்டு ஸ்டோரிலிருந்து புதிதாக இறக்கி பட்டனை அமுக்கினாள். சக்கரம் ஒரு சுற்று சுற்றியது, உள்ளே விட்டது. மணி ஒன்பதே முக்கால். "பத்துன்னு சொன்னேன், கால் மணி நேரம் முன்னாடியே முடிச்சிட்டேன்" என்று அம்மாவுக்குக் குரல் பதிவு அனுப்பிவிட்டு, தனக்குத் தானே ஒரு காபி போட்டுக்கொண்டாள்.

அந்தக் காபி ஆறுவதற்குள் பட்டியலில் பெயர்கள் விழத் தொடங்கின. ஏஞ்சல், நிஷா, எல்லம்மாள் என்று பதினொரு பெயர். பன்னிரண்டாவதாக 'வி.கே. மொபைல்ஸ்' என்று ஒன்று. சாலவாக்கம் பஸ் ஸ்டாப்பில் போன் கடை வைத்திருக்கும் வசந்த்குமார் வேடிக்கை பார்க்க இறக்கியிருப்பான் என்று அவள் அதை விட்டுவிட்டாள். அதற்கப்புறம் பட்டியல் நகரவில்லை. பதினொன்று, பன்னிரண்டு மணி ஆகியும் அப்படியே நின்றது. ஏஞ்சலின் போன் வந்தது.

"இப்ப உள்ள போவுதுடி. போயிட்டு ஒடனே கழுத்தப் புடிச்சி வெளிய தள்ளுது."

"எல்லாருக்குமா?"

"எனக்கு இல்ல. நிஷாவுக்கு இல்ல. முப்பத்தோரு பேருக்குத் தள்ளுது. கோவிந்தம்மா உன்ன வையறா, கேக்கறியா?"

"வோணாம், நேர்ல வந்து கேட்டுக்கறேன்."

ஸ்கூட்டரை எடுத்தாள். வேர்க்கடலைக் கழனியில் களையெடுத்துக்கொண்டிருந்த செட்டு, சாப்பாட்டு வேளைக்கு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தது. கோவிந்தம்மாள் தூக்குவாளியைக் கீழே வைக்காமலே ஆரம்பித்தாள். "இன்னாமே, படிச்ச பொண்ணு நீ. வா வான்னு கூப்ட்டு வெளிய தள்ளறதுக்கு எதுக்குமே ஒரு ஆப்பு? அதுக்கு எங்க நாத்தனா வூடே போதுமே!"

மரத்தடி முழுக்கச் சிரித்தது. சுகிர்தாவும் சிரித்துவிட்டு, ஒரு துண்டை விரித்து, "தள்ளற போன் எல்லாத்தையும் இதுல வைங்க" என்றாள். முப்பத்தோரு போன். சிலதுக்குக் கண்ணாடி உடைந்து செல்லோ டேப் ஒட்டியிருந்தது. கோவிந்தம்மாளின் போனை எடுத்து பட்டனை அமுக்கினாள், உள்ளே போனது. அடுத்து சிட்டம்மாளின் போன், அதுவும் போனது. திரும்பிக் கோவிந்தம்மாளின் போனைப் பார்த்தால், 'நீங்கள் வேறொரு போனில் உள்ளே இருக்கிறீர்கள்' என்று காட்டிவிட்டு வாசலில் நின்றது. மறுபடி அதை அமுக்கினாள்; இந்தத் தடவை சிட்டம்மாளின் போன் வெளியே வந்தது.

"நான் போனா இவ வெளிய வரா, இவ போனா நான் வெளிய வரேன். அத்தத்தான் காலையிலேருந்து சொல்லிக்கினு கீறோம்" என்றாள் சிட்டம்மாள்.

வெளியே தள்ளும் அந்த விதியை எழுதியதே சுகிர்தாதான். எந்த மேஸ்திரியும் பத்துப் போனை வைத்துக்கொண்டு பத்துப் பேருக்காகத் தானே அமுக்கக் கூடாது என்பதற்காக, ஓர் ஆளுக்கு ஒரே போன் என்று வைத்திருந்தாள். அப்படியானால் ஆப்பின் கணக்குக்குக் கோவிந்தம்மாளும் சிட்டம்மாளும் ஒரே ஆள். ஒவ்வொரு போனிலும் ஜிமெயிலைத் திறந்து பார்த்தாள். முதல் போனில் வி.கே. மொபைல்ஸ், இரண்டாவதிலும் வி.கே. மொபைல்ஸ், முப்பத்தோரு போனிலும் அதே ஐடி.

"இந்த ஐடிய யாரு போட்டுக் குடுத்தது?"

"போன் வாங்குனா கடைக்கார புள்ள தான போட்டுக் குடுக்கும்? நாங்களா போட்டுக்கறோம்?" என்றாள் கோவிந்தம்மாள். ஒரே ஐடி என்றால் ஒருத்தர் போட்டோ இன்னொருத்தருக்குத் தெரியுமே என்று சந்தேகப்பட்டு, சுகிர்தா போட்டோக்களைத் திறந்தாள். பட்டுப் புடவையும் வாழைமரமுமாக ஒரு பெரிய கல்யாணம் வந்து விழுந்தது.

"இது யாரு கல்யாணம்?"

"வேதாசலம் ஐயா பொண்ணு கல்யாணம்" என்றாள் சிட்டம்மாள். "ஆவணியில நடந்துச்சே. நம்பள பந்திக்குக் கூப்டலன்னாலும், ஐயா பாவம், போட்டோ எல்லாம் அனுப்பி வெச்சாரு. எல்லார் கிட்டயும் கீது. மாப்பிள்ளைக்குக் கால் கழுவறது மொதல் தாம்பூலப் பை வரைக்கும் கீது."

சுகிர்தாவுக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது. அவர் யாருக்கும் ஒன்றும் அனுப்பவில்லை. அவர் போனிலும் இதே ஐடிதான். நாற்பத்திரண்டு பெயர் வந்துவிட்டதா என்று பார்க்க அவர் ஆப்பைத் திறந்தால் போதும், அவரே இவர்களையெல்லாம் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவார். அதைவிடப் பெரிய வில்லங்கம் அந்தப் போட்டோக்கள். தன் பெண்ணின் கல்யாணப் படம் காலனியில் முப்பத்தோரு போனில் இருப்பது அவராகத் தெரிந்துகொண்டால், திருடினார்கள் என்றுதான் முதலில் நினைப்பார்.

ஏஞ்சலுக்கு முகம் வெளுத்துவிட்டது. "கடவுளே! நடவு போனா போவுது, போலீஸு கீலீஸுன்னு போயிட்டாருன்னா?"

"ஒண்ணும் ஆவாதுமா. நாம தப்பு பண்ணல. நடவும் போவாது" என்றாள் சுகிர்தா. சொன்ன வேகத்திலேயே ஸ்கூட்டரைப் பஸ் ஸ்டாப்புப் பக்கம் திருப்பினாள்.

வசந்த்குமார் ஒரு போனின் முதுகைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் விஷயத்தைச் சொன்னதும் அவனுக்கு வெட்கமோ கூச்சமோ வரவில்லை. ரொம்பத் தெளிவாகவே பதில் சொன்னான்.

"இத பாரு சுகிர்தா, என் நம்பர்ல மூணு ஐடி, நாலு ஐடி போட்டேன். அதுக்கு மேல குடுக்க மாட்டேன்னுடுச்சு. அவங்க நம்பர்லயே போடலாம்னா, கையில புது சிம்மு. அது உயிர் வர்றதுக்கு சாயங்காலம் ஆவும். இவங்களுக்கு ரெண்டு மணி பஸ்ஸு. அத்த வுட்டா அடுத்த பஸ்ஸு ஆறு மணிக்கு. நிக்க வெக்கச் சொல்றியா? கடை ஐடியப் போட்டுக் குடுத்து பஸ் ஏத்தி வுட்டேன். பாஸ்வேர்டு மறந்துட்டேன் நைனான்னு வந்து நிக்கறதும் எங்கிட்ட தான. முப்பது பாஸ்வேர்டு நான் எங்க ஞாபகம் வெச்சிக்கறது?"

சிம் உயிர் பெறுவதற்குள் பஸ் வந்துவிடுகிறது என்பதற்காக முப்பத்தோரு பேரை ஒரே ஆளாக்கிய கதை உலகத்தில் வேறெங்கேயாவது உண்டா என்று தெரியவில்லை. அவன் சொன்னதில் பொய்யும் இல்லை. சுகிர்தா அடுத்த கேள்வியைக் கேட்டாள். "வேதாசலம் ஐயாவுக்கும் பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சா?"

இப்போதுதான் வசந்த்குமார் திருப்புளியைக் கீழே வைத்தான். "ஆடித் தள்ளுபடியில வாங்குனாரு. வண்டிய ஆப் பண்ணாம நின்னுக்கினு, சீக்கிரம் குடுடா குடுடான்னாரு. குடுத்துட்டேன்… போட்டோவும் போவுதா அதுல?"

"கல்யாணமே போயிருக்குது."

ஆப்பையே மாற்றி, ஜிமெயிலை எடுத்துவிட்டு போன் நம்பர் வழியாக உள்ளே விடலாம். எழுதுவது அவளுக்கு ஒரு சாயங்கால வேலை. ஆனால் புது ஆப்பை ஸ்டோர்காரர்கள் பார்த்து அனுமதிக்க ஒரு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். வேதாசலத்தின் ஆறு மணி அவர்களுக்காகக் காத்திருக்காது. யோசித்துப் பார்த்தால் இன்னொரு வழி கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. அன்றைக்குப் புது சிம்மாக இருந்ததெல்லாம் இப்போது உயிரோடு இருக்கிறது. ஒவ்வொருத்திக்கும் சொந்த நம்பர் இருக்கிறது. அந்த நம்பரை வைத்து ஆளுக்கு ஒரு சொந்த ஐடி போட்டுவிட்டால் கதை முடிந்தது.

"நாளைக்கு கடைக்கு லீவு வுட்டுடுண்ணா. காலையில ஒம்போது மணிக்கு மாதா கோவில் கூடத்துக்கு வந்துடு. பாதி ஐடி நீ போடற, பாதி நான் போடறேன்" என்றாள்.

"சனிக்கிழம தான் எனக்கு யாவாரமே…"

"ஐயாவுக்கு நான் வெவரம் சொல்லட்டுமா, நீ சொல்றியா?"

வசந்த்குமார் மறுநாள் எட்டே முக்காலுக்கே வந்து உட்கார்ந்திருந்தான்.

சனிக்கிழமை மாதா கோவில் கூடம் ரேஷன் கடை போல இரைந்தது. முதல் தடங்கல் பிறந்த தேதியில் வந்தது. ஆதார் அட்டையைக் காட்டச் சொன்னால் பாதிப் பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்திருந்தார்கள். "கவர்மெண்டு எங்களுக்கெல்லாம் ஒரே நாள்ல பொறந்த நாள் வெச்சிக்கீது, நீ இன்னாமோ ஒரே ஐடிக்கு வந்து குதிக்கறியே" என்று கோவிந்தம்மாள் கேட்டாள். பாஸ்வேர்டு கட்டம் வந்ததும் அவள் சுகிர்தாவின் காதருகே குனிந்தாள். சுகிர்தா சட்டென்று விலகினாள்.

"எங்கிட்ட சொல்லக் கூடாது. யாருகிட்டயும் சொல்லக் கூடாது. நீயே போடு, நான் அந்தாண்ட திரும்பிக்கறேன்."

"பெத்த புள்ளைங்க கிட்ட கூடவா?"

"புள்ளைங்க கிட்டயும் தான்."

கோவிந்தம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொரு சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத சிட்டம்மாள் எண்களாகவே போட்டாள். அது என்ன எண் என்று கேட்டதற்கு, "அதான் சொல்லக் கூடாதுன்றியே" என்று திருப்பிக் கொடுத்தாள்.

நான்கு மணிக்கு முப்பத்தோராவது ஐடி முடிந்தது. ஒருத்தி உள்ளே போனாலும் இன்னொருத்தி வெளியே வரவில்லை. எல்லாரும் வரேன் என்று அமுக்கினார்கள். கடை ஐடியின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்ததும் சரியாக நாற்பத்திரண்டு பேர். சுகிர்தா முதுகை நிமிர்த்தினாள். நாலரைக்கு வேதாசலம் கூப்பிட்டார். அவர் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"இன்னா வெளையாடறியா? நாப்பத்தி ரெண்டு பேரும் இல்ல, ஒருத்தரும் இல்ல. 'திங்கட்கிழமை நடவுக்கு வருகிறீர்களா'ன்னு என்னைய கேக்குது. என் கழனிக்கு நான் வரேனான்னு எங்கிட்டயே கேக்குது! இந்தப் பேஜாரே வோணாம்னு தான் மொதல்லயே சொன்னேன். நான் வாலாஜாபாத்துக்குப் போன் போடறேன்."

கடை ஐடியில் முதலில் நுழைந்தவள் 'வேலைக்கு வருகிறவர்' என்று அமுக்கியிருந்தாள். அந்த ஐடியில் யார் வந்தாலும் ஆப்புக்கு அவர் நடவு ஆள்தான். இதை அவருக்குப் போனில் விளக்கினால் விளங்காது என்று சுகிர்தாவுக்குத் தெரியும்.

"ஐயா, உங்க போன்ல ஒரு தப்பு கீது. அத்த சரி பண்ணா எல்லாம் தெரியும். போனை எடுத்துக்கினு மாதா கோவில் கூடத்துக்கு வாங்க. வசந்த் அண்ணனும் இங்க தான் கீறாரு."

ஏஞ்சல் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அவரை இங்கே வரச் சொல்வதா? ஓட்டுக் கேட்கிற கூட்டத்தோடு வந்ததைத் தவிர அவர் காலனிக்குள் வண்டியை விட்டு இறங்கியதே கிடையாது. "நீ போய் வாங்கிக்கினு வாடி" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். சுகிர்தா தலையை ஆட்டி மறுத்தாள்.

"நான் எதுக்கு வரணும்? என் போன்ல இன்னா தப்பு?" என்றார் அவர்.

"உங்க பொண்ணு கல்யாண போட்டோ எல்லாம் கோவிந்தம்மா போன்ல கீதுங்கய்யா. யாரும் எடுக்கல. உங்க போன்லேருந்து தானா வந்துக்கீது. நீங்க வந்தா அத்தயும் சேத்து அழிச்சிடலாம்."

ஏஞ்சல் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். லைன் துண்டிக்கப்பட்டது. பத்து நிமிஷத்தில் வாசலில் புல்லட் சத்தம் கேட்டது.

அத்தனை பெண்களும் எழுந்து நின்றார்கள். வேதாசலம் யாரையும் பார்க்காமல் வந்து போனை நீட்டினார். அவருக்கென்று நாற்காலி கொண்டுவரப் போன ஏஞ்சலிடம் சுகிர்தா, "இங்க என் பக்கத்துல போடுமா, அவர் நம்பருக்கு வர்ற ஓடிபிய அவர் தான் சொல்லணும்" என்றாள். அவர் உட்கார்ந்தார். வசந்த்குமார் நடந்ததைத் தலையைக் குனிந்துகொண்டு ஒப்பித்தான். கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்தது. "என் பொண்ணு போட்டோ…" என்று ஆரம்பித்தவர், கோவிந்தம்மாள் தன் போனைத் தானே கொண்டுவந்து அவர் முன்னால் வைத்ததும் நிறுத்தினார்.

"நீங்களே அழிச்சிடுங்கய்யா. பொண்ணு மகாலட்சுமியாட்டம் கீதேன்னு தான் பாத்துக்கினு இருந்தோம். நீங்க அனுப்புனதுன்னு நெனச்சோம்."

அவருக்கென்று ஒரு மெமரி கார்டில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்துவிட்டு, கடை ஐடியிலிருந்து ஒவ்வொரு படமாக அவர் கண் முன்னாலேயே வசந்த்குமார் அழித்தான். அழிவதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சிட்டம்மாள், "அந்த மால மாத்தற போட்டோ ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, ஏஞ்சல் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

ஐந்தரைக்கு அவர் சொந்த ஐடி தயார். பாஸ்வேர்டு போடுகிற கட்டம் வந்ததும் கோவிந்தம்மாள், "ஐயா, செவுத்துப் பக்கம் திரும்பிப் போடுங்க" என்றாள். அவரும் திரும்பி உட்கார்ந்து போட்டார். இந்தத் தடவை 'கழனிக்காரர்' என்று சுகிர்தா அமுக்கினாள். பட்டியல் திறந்தது. அவர் விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார்.

"நாப்பத்தி மூணு கீதே?"

சுகிர்தா எட்டிப் பார்த்தாள். காலையிலிருந்து பாடுபட்டு நாற்பத்திரண்டாக ஆக்கி வைத்த பட்டியலின் அடியில் வி.கே. மொபைல்ஸ் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. அந்த ஐடி வழியாக ஆப்புக்குள் வர மிச்சமிருந்தது ஒரே ஒரு போன்தான்.

"ஐயா, வரீங்களான்னு கேட்டப்ப நீங்க இன்னா அமுக்குனீங்க?"

"என் கழனிக்கு நான் வராம எங்க போவேன்? வரேன்னு தான் அமுக்குனேன்."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கோவிந்தம்மாள் பொத்திக்கொள்ளவில்லை. "வாங்கய்யா, வாங்க. மொத நாள் தான் இடுப்பு ஒடிஞ்சி போவும், அப்புறம் பழகிடும்" என்றாள். அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. வேதாசலம் மீசையைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். அவர் வயிறு குலுங்கியதைச் சுகிர்தா மட்டும் பார்த்தாள்.

"அத்த எடுத்துடும்மா" என்றார். எடுத்தாள். நாற்பத்திரண்டு. அவர் மறுபடி முதலிலிருந்து ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, 'உறுதி' என்ற பட்டனை அமுக்கினார்.

கூடத்தில் நாற்பத்திரண்டு போனும் ஒன்றன்பின் ஒன்றாக மணியடித்தன. சிட்டம்மாள் தன் போனைச் சுகிர்தாவிடம் நீட்டி, "இன்னா போட்டுக்கீது, படி பாப்பா" என்றாள்.

"'சிட்டம்மாள், திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஏரிக்கீழ்க் கழனியில் உங்களுக்கு நடவு வேலை உறுதி.'"

"என் பேரு போட்டுக்கீதா?"

"போட்டுக்கீது. இதோ, இதான் சிட்டம்மாள்."

உடனே கோவிந்தம்மாளும் நீட்டினாள். எல்லாருக்கும் ஒரே செய்திதான், பெயர் மட்டும்தான் வேறு. அதைச் சொல்லியும் யாரும் கேட்பதாக இல்லை. அவரவர் பெயரை அவரவர் காதால் கேட்டாக வேண்டும். சுகிர்தா ஒவ்வொன்றாகப் படித்தாள். வேதாசலத்தின் வேலை முடிந்துவிட்டது, அவர் கிளம்பியிருக்கலாம். வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியருகே நின்று, ஒவ்வொரு பெயருக்கும் யார் கையை நீட்டி போனைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாகத் தன் கழனியில் குனிந்து நட்டவர்களில் பாதிப் பேரின் பெயர் அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாற்பத்தோரு பேருக்குப் படித்து முடித்து சுகிர்தா தண்ணீர் குடிக்கக் கை நீட்டியபோது, அந்தக் கையில் ஏஞ்சல் தன் போனை வைத்தாள்.

"நீதான் எட்டாவது வரைக்கும் படிச்சிக்கீறியேமா."

"படிச்சிக்கீறேன். நீ படி."

சுகிர்தா படித்தாள். "'ஏஞ்சல், திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு…'" நாற்பத்தோரு பேருக்கு நிறுத்தாமல் படித்தவள் அந்த இடத்தில் நிறுத்தி, அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அம்மாவின் பெயரில் விரலை வைத்து, முதல் வார்த்தையிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.